சிறுநீரகச் செல்களில் அயனிக் கால்வாய்களும் மின்னோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகத்திலும் மின்சாரம் ஓடுகிறதா?

ஓடுகிறது, ஆனால் நரம்பிலும் இதயத்திலும் ஓடுவதுபோல் துடித்துத் துடித்து ஓடுவதில்லை. நரம்புச் செல்லில் செயல்நிலை மின்னழுத்தம் என்ற திடீர் எழுச்சி சில மில்லிநொடிகளுக்குள் தோன்றி மறைகிறது, அந்த எழுச்சியே செய்தியாகவும் அமைகிறது. வடிகட்டிய திரவம் சிறுநீராக மாறிக்கொண்டே ஓடும் சிறுநீரக நுண்குழல்களின் சுவரில் அடுக்கப்பட்டிருக்கும் செல்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவற்றின் வழியே சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் அயனிகள் இரவும் பகலும் சீராக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அயனி என்பது மின்னேற்றம் பெற்ற துகள் ஆதலால், அதன் நகர்வையே மின்னோட்டம் என்கிறோம். நரம்புக்கு மின்னோட்டம் தந்தி என்றால் சிறுநீரகத்துக்கு அது சரக்குப் போக்குவரத்து.

இந்தப் போக்குவரத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. நேர்மின்னேற்றம் கொண்ட அயனி ஒன்று ஒரு பக்கத்திலிருந்து கிளம்பிப் போனால், அதற்கு ஈடாக வேறொரு நேர் அயனி எதிர்த்திசையில் வர வேண்டும், அல்லது ஓர் எதிர் அயனி கூடவே போக வேண்டும். கீழே வரும் மருந்துகளும் நோய்களும் பெரும்பாலும் இந்த ஈட்டுக் கணக்கிலிருந்தே புரிந்துவிடும்.

கால்வாய், பம்பு, கடத்தி ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?

மூன்றும் செல் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள். பம்பு ஆற்றலைச் செலவழித்து அயனியை மேட்டுக்கு, அதாவது அது ஏற்கெனவே மிகுந்திருக்கும் பக்கத்துக்கு, ஏற்றுகிறது. கால்வாய் என்பது திறந்து மூடும் ஒரு துளை. அது திறந்ததும் அயனிகள் தாமாகவே பள்ளத்தை நோக்கிப் பாய்கின்றன. கடத்திகள் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. அவை அயனிகளைச் சோடி சேர்த்து மெல்ல மறுபக்கம் சேர்க்கின்றன. அவற்றுள் பல நேர் அயனியையும் எதிர் அயனியையும் சம அளவில் சுமப்பதால், எவ்வளவு உப்பைக் கடத்தினாலும் மின்னோட்டம் எதுவும் தெரியாது.

சிறுநீரகத்தில் இவற்றுக்கெல்லாம் மூலமாக இருப்பது சோடியம்-பொட்டாசியம் பம்பு. 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ இதை நண்டின் நரம்பில் கண்டறிந்தார்; 1997இல் அதற்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை இது உள்ளே இழுக்கிறது. நுண்குழல் செல்களில் இந்தப் பம்பு இரத்தப் பக்கச் சவ்வில் மட்டுமே இருக்கிறது, சிறுநீர்ப் பக்கச் சவ்வில் இல்லை. செல்லுக்கு முகம் எது, முதுகு எது என்ற இந்த வேறுபாடு இல்லாவிட்டால் உப்பு ஒரே திசையில் பயணம் செய்யவே முடியாது. பம்பு ஓயாமல் வேலை செய்வதால் செல்லுக்குள் சோடியம் லிட்டருக்குச் சுமார் 10 முதல் 15 மில்லிமோலாகத் தாழ்ந்தும், பொட்டாசியம் சுமார் 140 மில்லிமோலாக உயர்ந்தும் நிற்கின்றன. வெளியே சோடியம் 140, பொட்டாசியம் 4. இந்தப் பொட்டாசியம் தன் கால்வாய்கள் வழியே வெளியே கசிவதால் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடப் பல பத்து மில்லிவோல்ட் எதிர்மின்னாகிறது.

எழுபது மில்லிவோல்ட் என்றால் சிறிதாகத்தான் தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர்தான். மீட்டர் கணக்குக்கு மாற்றினால் அந்த மின்புலம் மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட் ஆகிறது.

மின்னோட்டத்தின் அளவு எவ்வளவு?

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் சோடியம் சுமார் 25 மோல்; சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இந்தச் சோடியம் முழுவதும் துணையின்றித் தனியே சுவரைக் கடந்தது என்று ஒரு கற்பனைக்காக வைத்துக்கொண்டு, மோலுக்கு 96,485 கூலோம் என்று பெருக்கி, நாளின் 86,400 நொடிகளால் வகுத்தால் 28 ஆம்பியர் வருகிறது. நாலு ஏசி இழுக்கும் மின்னோட்டம் அது! உண்மையில் பெரும்பகுதிச் சோடியம் குளோரைடையும் பைகார்பனேட்டையும் கூட்டிக்கொண்டு போவதால் நிகர மின்னோட்டம் இதில் மிகச் சிறு பங்குதான். மின்னழுத்தமும் மில்லிவோல்ட் அளவிலேயே நிற்பதால், ஷாக் அடிக்குமோ என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

மறுமுனையில் ஒற்றைக் கால்வாயைப் பாருங்கள். நுண்குழலின் கடைசிப் பகுதியான சேகரிப்பு நாளத்தின் சோடியக் கால்வாய் ஒன்று திறந்திருக்கும்போது அதன் வழியே போவது ஏறத்தாழ அரை பிக்கோஆம்பியர், அதாவது ஆம்பியரில் இரண்டு லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அற்பமான ஓட்டத்திலும் நொடிக்கு 30 லட்சம் சோடியம் அயனிகள் கடக்கின்றன.

அவ்வளவு சிறிய மின்னோட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

முதலில் வந்தது முழுச் சுவரையும் ஒன்றாக அளக்கும் முறை. கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸ்ஸிங் தவளைத் தோலை இரு அறைகளுக்கு நடுவே திரைபோல் பொருத்தினார். இரு பக்கமும் ஒரே உப்புக் கரைசலை ஊற்றினாலும் தோலுக்குக் குறுக்கே மின்னழுத்தம் எழுந்தது. வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தி அந்த மின்னழுத்தத்தைச் சுழியாக்கினார்; அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டமும், கதிரியக்கச் சோடியத்தை வைத்துத் தனியே அளந்த நிகரச் சோடிய நகர்வும் ஒத்துப்போயின. உஸ்ஸிங்கும் கார்ல் ஜெராஹ்னும் 1951இல் வெளியிட்ட இந்த முறையை ஆய்வகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. தவளைத் தோலுக்கும் நம் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நன்னீரில் வாழும் தவளை உப்பை இழக்காமல் காக்கும் அதே வகைச் சோடியக் கால்வாயைத்தான் நம் சேகரிப்பு நாளமும் வைத்திருக்கிறது.

தனிக் கால்வாயைக் காணும் வழியை எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1976இல் திறந்துவிட்டார்கள். 1991இல் நோபல் பரிசு பெற்ற பேட்ச் கிளாம்ப் முறை அதுதான். சூடாக்கி இழுத்த கண்ணாடிக் குழாயின் முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். உள்ளே உப்புக் கரைசலும், சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பியும் இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் அந்த முனையைச் செல்லின் மேல் மெல்ல இறக்கி, குழாயின் மறுமுனையில் இலேசாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதும் மின்தடை கிகாஓம் (நூறு கோடி ஓம்) அளவுக்குத் தாவுகிறது. அதுவரை திரையில் நடுங்கிக்கொண்டிருந்த கோடு சட்டென்று அமைதியாகிறது. பிறகு அந்தக் கோட்டில் படிக்கட்டுபோல் ஓர் இறக்கம் விழுந்தால் ஒரு கால்வாய் திறந்தது என்று பொருள். மீண்டும் ஏறினால் மூடியது என்று பொருள். ஒரே ஒரு புரத மூலக்கூறு வேலை செய்வதை அது செய்யும் கணத்திலேயே பார்க்க முடிவது, என் கணக்கில், உயிரியலில் கிடைக்கும் அரிய அனுபவங்களுள் ஒன்று. யாராவது கதவை அடித்துச் சாத்தினாலோ, அதிர்வு தாங்கும் மேசை சரியாக மிதக்காவிட்டாலோ, பக்கத்து விளக்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உலோகக் கூண்டுக்குள் புகுந்தாலோ அன்றைய உழைப்பு போயிற்று.

சிறுநீரகத்தில் இதைச் செய்வதற்கு இன்னொரு தடையும் உண்டு. சிறுநீர்ப் பக்கச் சவ்வு குழலுக்கு உள்ளே மறைந்திருப்பதால் பிப்பெட் எனப்படும் அந்தக் கண்ணாடிக் குழாய் அதை எட்ட முடியாது. லாரன்ஸ் பால்மரும் குஸ்டாவோ ஃபிரிண்ட்டும் எலியின் சேகரிப்பு நாளத்தைப் பிரித்தெடுத்து, நீளவாக்கில் கிழித்து, விரித்த பாய்போல் பரப்பி, 1986இல் அந்தச் சோடியக் கால்வாயைப் பதிவு செய்தார்கள்.

நுண்குழலின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே வகைக் கால்வாய்களா?

இல்லை. முதல் பகுதியான அண்மை சுருள் நுண்குழல் வடிதிரவத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்டாலும், அங்கே பெரும்பாலான வேலையைக் கடத்திகளே செய்துவிடுகின்றன. மின்னழுத்தமும் ஓரிரு மில்லிவோல்ட்தான்.

அடுத்து நுண்குழல் கொண்டை ஊசிபோல் வளையும் இடம் ஹென்லே வளைவு; அதன் தடித்த மேலேறு தூம்பு சுவையான பகுதி. அங்கே ஒரு கடத்தி ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகியவற்றை ஒரே கட்டாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. கூட்டிப் பார்த்தால் மின்னேற்றம் சுழி. ஆனால் குழலுக்குள் சோடியம் ஏராளமாக இருக்க, பொட்டாசியம் கொஞ்சம்தான் இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் கடத்தியே நின்றுவிடும். ஆகவே உள்ளே வந்த பொட்டாசியத்தை ரோம்கே என்ற கால்வாய் திரும்பவும் குழலுக்குள் கசியவிடுகிறது. குளோரைடு மறுபக்கம் தன் கால்வாய் வழியே இரத்தத்துக்குப் போகிறது. நேர்மின்னேற்றம் சிறுநீர்ப் பக்கமும் எதிர்மின்னேற்றம் இரத்தப் பக்கமும் சேர்வதால், குழலின் உட்புறம் சுமார் 10 மில்லிவோல்ட் நேர்மின்னாகிறது. அந்த அழுத்தமே கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் செல்களுக்கு இடையேயுள்ள இடுக்குகள் வழியாக இரத்தத்துக்கு நெருக்கித் தள்ளுகிறது. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு மாத்திரை அந்தக் கடத்தியை அடைக்கிறது. உப்போடு சேர்ந்து கால்சியமும் மெக்னீசியமும் சிறுநீரில் போவதற்கு இந்த 10 மில்லிவோல்ட் மறைந்துவிடுவதே காரணம்.

அடுத்து வரும் சேய்மைப் பகுதியில் மெக்னீசியத்துக்கு டிஆர்பிஎம்6, கால்சியத்துக்கு டிஆர்பிவி5 என்று தனித்தனிக் கால்வாய்கள் உண்டு. அளவில் சிறிய வேலைதான். ஆனால் இடுக்கு வழி அடைபட்ட இடம் என்பதால் செல்லின் ஊடே போவதைத் தவிர அவற்றுக்கு வேறு பாதை இல்லை.

ஈநாக் என்று அடிக்கடி சொல்லப்படும் கால்வாய் எது?

சேகரிப்பு நாளத்தின் முதன்மைச் செல்களில், சிறுநீர்ப் பக்கம் உள்ள சோடியக் கால்வாய்க்கு அந்தப் பெயர். ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற மூன்று துணையலகுகளால் ஆனது. அவற்றின் மரபணுக்களை 1993, 1994 ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் செசிலியா கனெஸ்ஸா, பெர்னார்ட் ரோசியே குழுவினர் பிரித்தெடுத்தார்கள். நரம்பின் சோடியக் கால்வாய் ஒரு மில்லிநொடி அளவே திறந்திருக்கும்; ஈநாக் அவசரமே இல்லாமல் நொடிக்கணக்கில் திறந்தும், நொடிக்கணக்கில் மூடியும் கிடக்கும். மின்னழுத்தம் மாறுவதற்காக அது காத்திருப்பதும் இல்லை.

வடிகட்டிய சோடியத்தில் சில விழுக்காடு மட்டுமே இங்கு வந்து சேர்கிறது. இருந்தும் உடல் இன்று எவ்வளவு உப்பை வைத்துக்கொள்ளப் போகிறது என்ற கடைசி முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. உணவில் உப்பு குறைந்தால் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது, அது ஈநாக் கால்வாய்களைக் கூடுதலாகச் சவ்வுக்கு வரவழைக்கிறது. வழக்கமான உணவு தின்ற எலியின் நாளத்தில் தேடினாலும் எளிதில் அகப்படாத இந்தக் கால்வாய், உப்புக் குறைந்த உணவு கொடுத்த எலியில் பிப்பெட்டுக்குப் பிப்பெட் தென்படும்.

பொட்டாசியம் சிறுநீரில் எப்படி வெளியேறுகிறது? இளநீர் குடிக்கக் கூடாது என்று சிலரிடம் ஏன் சொல்கிறார்கள்?

முன்னே சொன்ன ஈட்டு விதி இங்கே கண்கூடாகத் தெரியும். ஈநாக் வழியே சோடியம் செல்லுக்குள் போகப் போக, குழலின் உட்புறத்தில் எதிர்மின்னேற்றம் மிஞ்சுகிறது. உட்புறம் முப்பது, நாற்பது மில்லிவோல்ட் வரை எதிர்மின்னாகலாம். அந்த எதிர்மின்னேற்றம் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை ரோம்கே கால்வாய் வழியே சிறுநீருக்குள் ஈர்க்கிறது. சிறுநீர் வேகமாக ஓடும்போது பிகே என்ற பெரிய பொட்டாசியக் கால்வாயும் உடன் திறக்கிறது.

ஃபுரோசமைடு மேலே உப்பு மீள்வதைத் தடுப்பதால் கீழே சேகரிப்பு நாளத்துக்கு வெள்ளமாகச் சோடியம் வருகிறது; ஈநாக் அதை எடுக்க, பொட்டாசியம் ஈடாக வெளியேறி, இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. மாறாக, அமிலோரைடு என்ற மருந்து ஈநாக் துளையையே அடைப்பதால் ஈர்க்கும் விசை போய்ப் பொட்டாசியம் உடலில் தங்குகிறது. பாக்டீரியாத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் டிரைமெத்தோபிரிம் என்ற மருந்தும் அமிலோரைடைப்போலவே ஈநாக்கை அடைக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை போட்ட முதியவருக்கு இரத்தப் பொட்டாசியம் ஏன் ஏறியது என்ற புதிருக்கு விடை பல நேரம் இதுதான். மனநல மருத்துவத்தில் பயன்படும் லித்தியம் சோடியத்தின் இடத்தில் இதே கால்வாய் வழியாகச் செல்லுக்குள் புகுந்து, அங்கே தேங்கி, சிறுநீரைச் செறிவாக்கும் திறனைக் கெடுக்கிறது.

இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. நலமான சிறுநீரகம் மேற்சொன்ன வழியில் அதைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்கள் பெரும்பாலும் அழிந்துபோனவருக்கோ, ஈநாக்கையோ ஆல்டோஸ்டீரோனையோ தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்கோ அந்த வழி குறுகிவிட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி மிகவும் உயர்ந்தால் பாதிக்கப்படுவது இதயத்தின் துடிப்பு. ஆகவே இது தன்னிச்சையாக முடிவு செய்யும் விஷயம் அன்று. மருந்தை நிறுத்துவதும் அப்படித்தான்.

கால்வாய்கள் பழுதானால் என்ன நோய்கள் வரும்?

ஈநாக் மிகையாக வேலை செய்தால் லிடில் நோய். 1963இல் கிரான்ட் லிடில் விவரித்த குடும்பத்தில் இளவயதிலேயே உயர் இரத்த அழுத்தமும் குறைந்த பொட்டாசியமும் இருந்தன. ஆல்டோஸ்டீரோன் மிகுந்ததுபோன்ற தோற்றம்தான், ஆனால் அளந்து பார்த்தால் அந்த ஹார்மோன் மிகக் குறைவு. விளக்கம் 1994 முதல் படிப்படியாகக் கிடைத்தது. பழைய ஈநாக் கால்வாய்களைச் சவ்விலிருந்து அகற்றும் நெட்4-2 என்ற புரதம், கால்வாயின் வால்பகுதியைப் பிடித்துத்தான் அதை உள்ளே இழுக்க வேண்டும். இந்த நோயாளிகளுக்குப் பிறப்பிலேயே அந்த வால் அறுந்தோ உருமாறியோ இருந்ததால் பிடி கிடைக்காமல் கால்வாய்கள் சவ்விலேயே குவிந்தன. ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் இவர்களுக்குப் பயன்படாது, துளையை அடைக்கும் அமிலோரைடு பயன்படும். அந்தக் குடும்பத்தின் முதல் நோயாளிக்கே 1989இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபோது இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் சீரடைந்தன. கோளாறு சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஈநாக் அறவே செயலிழந்து பிறக்கும் குழந்தைக்கு நேர்மாறான நிலை: உப்பு சிறுநீரில் ஓடிப்போகும், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

மேலேறு தூம்பில் நேரும் பழுதுகளுக்குப் பார்ட்டர் நோய் என்று பெயர். 1962இல் ஃபிரெடரிக் பார்ட்டர் விவரித்தார். கடத்தி, ரோம்கே, குளோரைடுக் கால்வாய், அந்தக் கால்வாயின் துணைப்புரதமான பார்ட்டின் என எது பழுதானாலும் உப்பு இழப்பு வரும். பார்ட்டின் உள்காதிலும் தேவைப்படுவதால் அது பழுதானவர்களுக்குக் காதும் கேட்காது. ரோம்கே பழுதான குழந்தைகளிடம் ஒரு விநோதம் உண்டு. பிறந்த முதல் நாட்களில் பொட்டாசியம் உயர்ந்திருக்கும், ஏனெனில் சேகரிப்பு நாளத்தில் அதை வெளியேற்றும் கதவும் அதே ரோம்கேதான். பிந்தைய வாரங்களில் பிகே கால்வாய் அந்த வேலையை ஏற்றுக்கொள்வதால், பொட்டாசியம் இறங்கிக் குறைவுப் பக்கம் போய்விடும். முதல் வாரத்தில் பார்த்த மருத்துவரும் மூன்றாம் மாதத்தில் பார்த்த மருத்துவரும் வெவ்வேறு நோயைச் சந்தேகிப்பதில் வியப்பில்லை.

சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கும் கால்வாய்க்கும் தொடர்பு உண்டா?

பரம்பரையாக வரும் பல்கட்டி நோயில் பழுதாகும் இரு மரபணுக்களில் ஒன்று பாலிசிஸ்டின்-2 என்ற கால்வாய்க்கு உரியது. நுண்குழல் செல்கள் பெரும்பாலானவற்றின் தலையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை மயிரிழையில் அது அமர்ந்திருக்கிறது. சிறுநீரின் ஓட்டத்தில் அந்த மயிரிழை வளைந்தால் கால்சியம் உள்ளே பாயும் என்பது நெடுநாள் விளக்கம். 2016இல் வெளிவந்த அளவீடுகள் அதைக் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தின, விவாதம் முடிந்தபாடில்லை. கட்டிக்குள் நீர் சேரும் விதத்தில் தெளிவு கூடுதலாக இருக்கிறது. சிஎஃப்டிஆர் என்ற கால்வாய் வழியே குளோரைடு கட்டிக்குள் சுரக்கிறது. ஈடாகச் சோடியமும், பின்னாலேயே நீரும் போகின்றன. வாசோபிரசின் ஹார்மோன் இந்தச் சுரப்பைத் தூண்டுவதால்தான் அதன் ஏற்பியைத் தடுக்கும் டோல்வாப்டான் மருந்து கட்டிகள் வளரும் வேகத்தைக் குறைக்கிறது.

அக்வாபோரினும் அயனிக் கால்வாய்தானா?

இல்லை. அது நீர் மூலக்கூறுகளை மட்டும் விடும் துளை. மின்னேற்றம் எதுவும் கடக்காததால் மின்னோட்டமும் இல்லை. 2003இல் வேதியியல் நோபல் பரிசை அக்வாபோரினுக்காகப் பீட்டர் ஏக்ரும், அயனிக் கால்வாய்களுக்காக ராடெரிக் மெக்கின்னனும் பகிர்ந்துகொண்டதால் இந்தக் குழப்பம் தொடர்கிறது போலும்.

இதயத்துக்கு ஈசிஜி எடுப்பதுபோல் சிறுநீரகத்துக்கும் எடுக்க முடியுமா?

முடியாது. இதயச் செல்கள் ஒன்றாகத் துடிப்பதால் அவற்றின் மின்னோட்டம் கூடித் தோல்வரை எட்டுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. அவை பல திசைகளில் சுருண்டும், தத்தம் போக்கில் இயங்கியும் இருப்பதால் ஒன்றன் மின்னழுத்தம் இன்னொன்றோடு கூடுவதில்லை. சிறுநீரிலும் இரத்தத்திலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு அளவுகளைப் பார்த்துக் கால்வாய்களின் நிலையை ஊகிப்பதே மருத்துவமனையில் நடைமுறை.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எச்.இ.கே. 293 செல்கள் சிறுநீரகச் செல்கள்தானே? அவற்றில் கண்டது சிறுநீரகத்துக்குப் பொருந்துமா?

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1973இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபிராங்க் கிரஹாம், மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல்களில் அடினோவைரஸின் டிஎன்ஏவைப் புகுத்தி இந்தச் செல் வரிசையை உருவாக்கினார்; 293 என்பது அவருடைய சோதனையின் வரிசை எண். எளிதில் வளரும், வெளியிலிருந்து கொடுக்கும் மரபணுவைத் தயங்காமல் ஏற்கும், சொந்த மின்னோட்டங்கள் குறைவு என்பதால், இதயக் கால்வாயோ மூளைக் கால்வாயோ எதையும் இவற்றில் வைத்துத்தான் பேட்ச் கிளாம்ப் செய்கிறார்கள். வெற்றுச் சுவரில் ஒரு படத்தை மாட்டிப் பார்ப்பதுபோன்ற வசதி அது. ஆனால் இவை நுண்குழல் செல்களுக்குரிய முகமும் முதுகும் அற்றவை. நரம்புச் செல்களுக்குரிய சில புரதங்களைக் கொண்டிருப்பதால் அவற்றின் பிறப்பிடமே சிறுநீரக நுண்குழல்தானா என்ற கேள்வியும் உண்டு. சோடியத்தை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கும் வேலையை அறிய வேண்டுமானால், நாயின் சிறுநீரகத்திலிருந்து 1958இல் மேடினும் டார்பியும் வளர்த்த எம்.டி.சி.கே. செல்களையோ, ஆப்பிரிக்கத் தவளையின் ஏ6 செல்களையோ, புதிதாகப் பிரித்தெடுத்த நுண்குழலையோ நாட வேண்டும். ஒரு கட்டுரை 'சிறுநீரகச் செல்களில் சோடியம் மின்னோட்டம்' என்று தொடங்கினால், முடிவுரைக்குப் போகுமுன் செய்முறைப் பகுதியில் எந்தச் செல் என்று பார்த்துவிடுங்கள்.